செப்புத்தகட்டில் பதிந்த குடியரசு: மவுண்ட் வெர்னான் இல்லத்தின் அச்சோவியங்கள்

பகுதி 11

மவுண்ட் வெர்னான் இல்லம், ஜார்ஜ் வாஷிங்டனின் தந்தை 1734 அளவில் எழுப்பிய சிறிய வீட்டிலிருந்து படிப்படியாக விரிந்து, போட்டோமாக் ஆற்றை நோக்கிய மாளிகையாக வளர்ந்த வரலாறு சென்ற பகுதியில் கூறப்பட்டது. அம்மாளிகையின் சுவர்களில் தொங்கிய படங்களைப் பற்றியது இப்பகுதி. வருகையாளரின் கண் இயல்பாகக் குடும்பத்தாரின் எண்ணெய் வண்ண உருவப்படங்களிலேயே நின்றுவிடுகிறது. ஆனால் வாஷிங்டன் தம் வாழ்நாளில் விலைகொடுத்து வாங்கியும் அன்பளிப்பாகப் பெற்றும் சட்டமிட்டு மாட்டிய படங்களில் பெரும்பகுதி, செப்புத்தகட்டில் செதுக்கி, மை தடவி, தாளில் ஒற்றியெடுத்த அச்சோவியங்களே. லண்டன், பாரிஸ், ஸ்டுட்கார்ட், பிலடெல்பியா ஆகிய நகரங்களின் பட்டறைகளிலிருந்து வந்த இத்தாள்களை ஒன்றாக வைத்து நோக்கினால், பிரித்தானியப் பேரரசின் குடிமகனாக வாழ்வைத் தொடங்கிய ஒரு வர்ஜீனியா நிலக்கிழார், அப்பேரரசை எதிர்த்துப் போரிட்டு ஒரு குடியரசின் முதல் தலைவரானபோது தம்மையும் தம் நாட்டையும் எவ்வாறு காண விரும்பினார் என்பது, அவருடைய கடிதங்களில் உள்ளதைவிடச் சில இடங்களில் தெளிவாகவே தெரிகிறது.

அச்சோவியம் என்பது ஓவியத்தின் மலிவான நகல் மட்டுமே என்று இன்று கருதத் தோன்றினாலும், பதினெட்டாம் நூற்றாண்டில் அதன் இடம் வேறாக இருந்தது. ஒளிப்படம் தோன்றாத அக்காலத்தில், லண்டன் கண்காட்சியொன்றில் புகழ்பெற்ற ஓவியத்தை அட்லாண்டிக்கின் மறுகரையில் இருந்தவர் அறிய வேறு வழி இல்லை. செதுக்குநர் ஓவியத்தின் நிறங்களை எல்லாம் கோடும் புள்ளியுமாக மாற்றிச் சிந்திக்க வேண்டியிருந்தது. அதற்கு ஆண்டுக்கணக்கில் உழைப்புத் தேவைப்பட்டது. நல்ல தகடு ஒன்று, அதற்கு மூலமான ஓவியத்தைவிடப் பன்மடங்கு பணத்தை ஈட்டித் தந்ததும் உண்டு.

வாஷிங்டனின் தொடக்ககாலச் சுவை முழுக்க முழுக்க ஆங்கிலேயக் குடியேற்றவாசியின் சுவையாகும். அவர் 1759-ஆம் ஆண்டில், தம்முடைய புகையிலையை விற்றுத்தந்த லண்டன் வணிக நிறுவனமான ராபர்ட் கேரி குழுமத்துக்கு அனுப்பிய பொருள் பட்டியலில், மகா அலெக்சாந்தர், ஜூலியஸ் சீசர், சுவீடனின் பன்னிரண்டாம் சார்லஸ், பிரஷ்ய மன்னர், இளவரசர் யூஜின், மார்ல்பரோ கோமகன் ஆகிய ஆறு போர்வீரர்களின் மார்பளவுச் சிலைகளைக் கேட்டிருந்தார். கேட்ட அளவில் அவை கிடைக்கவில்லை என்று கூறி, தந்தையைத் தோளில் சுமந்து ட்ராய் நகரைவிட்டு வெளியேறும் ஈனியாஸ், பாக்கஸ், ஃப்ளோரா முதலிய சிற்றுருவங்களையும் சிங்கங்களையும் அனுப்பிவைத்தனர். குடியேற்றநாட்டு வாடிக்கையாளர் எதை விரும்பினாலும், லண்டன் கடைக்காரர் எதை அனுப்புகிறாரோ அதுவே வீட்டை வந்தடையும் என்ற இவ்வுறவு, படங்களின் வரலாற்றிலும் நெடுங்காலம் தொடர்ந்தது.

அவ்வுறவின் விநோதமான விளைவொன்று 1775-ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. குடியேற்றநாடுகளின் படைக்குத் தலைமை ஏற்ற இந்த வாஷிங்டன் யார், எப்படி இருப்பார் என்று அறிய லண்டன் மக்கள் ஆவலாய் இருந்த அவ்வேளையில், குதிரைமேல் அமர்ந்த தளபதியின் படம் ஒன்று அங்கே விற்பனைக்கு வந்தது. வர்ஜீனியாவின் வில்லியம்ஸ்பர்க் நகரைச் சேர்ந்த அலெக்சாந்தர் கேம்ப்பெல் என்பவர் நேரில் கண்டு வரைந்தது என்ற குறிப்பும் அதன் அடியில் இருந்தது. அப்படி ஓர் ஓவியர் வாஷிங்டனை வரைந்ததே இல்லை. முகம் முழுவதும் கற்பனை. இதன் படி ஒன்று தம் கைக்கு வந்தபோது, 1776 ஜனவரி இறுதியில் தம் செயலராக இருந்த ஜோசப் ரீடுக்கு எழுதிய கடிதத்தில், தமக்குத் தெரிந்தவரை தாம் பார்த்தே இராத அந்தக் கேம்ப்பெல், படைத்தலைவரின் முகத்தில் போதிய அளவு பயங்கரத்தைச் சேர்த்து மிகவும் அச்சுறுத்தும் உருவமாக்கிவிட்டார் என்று வாஷிங்டன் குறிப்பிட்டார். போலிப் படமே ஆயினும், ஐரோப்பாவில் பலர் அவரை முதலில் அறிந்தது இம்முகத்தோடுதான்.

அப்படம் மெசோடின்ட் என்னும் முறையில் செய்யப்பட்டது. செப்புத்தகட்டின் பரப்பு முழுவதையும், வளைந்த விளிம்பில் நுண்பற்கள் கொண்ட எஃகுக் கருவியை ஆட்டி ஆட்டிச் சொரசொரப்பாக்குவது இதன் முதல் வேலை. அந்நிலையில் மை தடவி அச்சிட்டால் தாள் முழுதும் வெல்வெட் துணிபோல் அடர்கருப்பாக விழும். பிறகு ஒளி தேவைப்படும் இடங்களை மட்டும் சுரண்டியும் தேய்த்து மெருகேற்றியும் இருளிலிருந்து உருவத்தை வெளிக்கொணர்வர். முகத்தின் மென்மையையும் துணியின் பளபளப்பையும் காட்ட இதற்கு இணையான முறை அக்காலத்தில் இல்லை. வேலையும் விரைவில் முடியும். ஆனால் அச்சுப்பொறியின் அழுத்தத்தில் அந்த நுண்பிசிறுகள் சீக்கிரமே மழுங்கிவிடுவதால், முதல் சில நூறு படிகளுக்குப் பின் கருமை வெளிறிவிடும். அமெரிக்க மண்ணிலும் இம்முறையைக் கையாண்டவர் உண்டு. வாஷிங்டனைப் பலமுறை நேரில் அமரவைத்து வரைந்த சார்லஸ் வில்சன் பீல், 1780-இல் தம் ஓவியத்திலிருந்து தாமே மெசோடின்ட் ஒன்றைச் செய்து வெளியிட்டார். ஓவியரே தகடு செதுக்கி, அச்சிட்டு, விளம்பரம் செய்து, விற்கவும் வேண்டிய நிலை அன்றைய அமெரிக்காவில் இருந்தது.

வாஷிங்டன் சேர்த்த அச்சோவியங்களுள் நின்று நோக்கத்தக்கவை போர்க்களத்தில் வீழும் தளபதிகளைக் காட்டுபவை. அவற்றுள் மூத்தது ஜெனரல் உல்ஃபின் மரணம். பிரித்தானியப் படைத்தலைவர் ஜேம்ஸ் உல்ஃப், பிரெஞ்சுக்காரர் வசமிருந்த கியூபெக் நகரை வென்ற அதே பொழுதில், 1759 செப்டம்பர் 13-ஆம் நாள் களத்தில் உயிர்நீத்தார். பென்சில்வேனியாவில் பிறந்து லண்டனில் குடியேறிய பெஞ்சமின் வெஸ்ட் 1770-இல் இதை ஓவியமாக்கினார். வீரர்களைப் பண்டைய ரோமானிய உடையில் காட்டுவதே வரலாற்று ஓவியத்தின் மரபு என்று மூத்தோர் வலியுறுத்தியபோதும், அவர் உள்ளது உள்ளபடி அக்காலப் படைச் சீருடையிலேயே வரைந்தார். எனினும் சரிந்து கிடக்கும் உல்ஃபையும் அவரைத் தாங்கும் தோழர்களையும், சிலுவையிலிருந்து இறக்கப்பட்ட இயேசுவைக் காட்டும் பழைய ஓவியங்களின் அமைப்பில் நிறுத்தினார். இந்த ஓவியத்தை வில்லியம் உல்லெட் கோட்டுச் செதுக்கல் முறையில் தகட்டுக்கு மாற்றினார். பியூரின் எனப்படும் கூர்முனை உளியைச் செம்பில் தள்ளிக்கொண்டே போய் நுண்சால்களை வெட்டி, அச்சால்களில் மை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்துவிட்டு, ஈரத்தாளை அதன்மேல் வைத்து இரண்டு உருளைகளுக்கிடையே அழுத்தி எடுப்பது இம்முறை. அழுத்தத்தால் தகட்டின் விளிம்பு தாளில் ஒரு பள்ளமான சட்டமாகப் பதிந்துவிடும். இத்தகட்டுத் தடம் தாளில் இருக்கிறதா என்பதே இன்றும் அருங்காட்சியகத்தார் முதலில் பார்க்கும் அடையாளம். உல்லெட்டின் தாளை அருகில் வைத்துப் பார்த்தால், புகைமூட்டம் கொண்ட வானம் அலையலையான கோடுகளாலும், சிந்தனையில் ஆழ்ந்து தரையில் அமர்ந்திருக்கும் பூர்வகுடி வீரரின் தோல் ஒன்றையொன்று வெட்டும் வளைகோடுகளாலும், கோடுகளின் இடைவெளியில் இட்ட புள்ளிகளாலும் உருவானது தெரியும். நிறம் ஒன்றுகூட இல்லாத அத்தாளில் சீருடைத் துணிக்கும் மனித உடலுக்கும் வேறுபாடு தெரியச் செய்த அக்கைத்திறன் வியக்கத்தக்கது. ஜான் பாய்டெல் போன்ற பதிப்பாளர்கள் இதன் விற்பனையால் பெருஞ்செல்வம் ஈட்டினர். அதுவரை பிரான்சிலிருந்து அச்சோவியங்களை வாங்கிக்கொண்டிருந்த இங்கிலாந்து, அவற்றை ஏற்றுமதி செய்யும் நாடாக மாறியதில் இத்தகட்டுக்குப் பெரும்பங்கு உண்டு.

இந்த அச்சோவியம் வெளியான நாளாகத் தாளில் பொறிக்கப்பட்டிருப்பது 1776 ஜனவரி 1. அதற்கு முந்தைய நாள்தான், அதே கியூபெக் நகரின் வாயிலில், கொட்டும் பனியில், அமெரிக்கப் படைத்தலைவர் ரிச்சர்ட் மான்ட்கோமரி பிரித்தானியரின் பீரங்கிக் குண்டுக்கு இரையானார். லண்டனில் எவரும் அச்செய்தியை அறிந்திருக்க வழியில்லை. பத்தாண்டு கழித்து, வெஸ்டின் லண்டன் ஓவியக்கூடத்தில் அமர்ந்து அவருடைய மாணவர் ஜான் ட்ரம்புல் மான்ட்கோமரியின் மரணத்தை வரைந்தபோது, உல்ஃபின் படத்தையே மனத்தில் நிறுத்தி, பிரித்தானிய வீரனுக்கு ஆசிரியர் அளித்த பெருமையை அமெரிக்கத் தளபதிக்கு வழங்கினார். உல்ஃப் படத்தில் அமைதியாக அமர்ந்திருந்த பூர்வகுடி வீரரின் இடத்தில், இங்கே கோடரியை ஓங்கி நிற்கும் வீரர் இருக்கிறார். வெற்றிச் செய்தியோடு ஓடிவரும் தூதனுக்குப் பதிலாக முறிந்த மரங்களும் பனியும் இருக்கின்றன. மவுண்ட் வெர்னான் இல்லத்தில் இவ்விரு தளபதிகளின் மரணமும் ஒரே கூரையின்கீழ் தொங்கின. முன்னவர் எந்தப் பேரரசுக்காக மாண்டாரோ அதே பேரரசின் பக்கம் நின்று, 1755-இல் பிரித்தானியத் தளபதி பிராடக்கின் படையோடு ஓஹையோ காடுகளில் போரிட்டவர் வாஷிங்டன். பின்னவர் மாண்டதோ வாஷிங்டன் தலைமை ஏற்ற படையின் படையெடுப்பில். ஒன்றை மாட்டுவதற்காக மற்றதைக் கழற்றி எறியும் தேவை அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

ட்ரம்புல்லின் கதையைச் சற்று விரித்துக் கூறுவது தகும். கனெக்டிகட் ஆளுநரின் மகனான அவர், 1775-இல் சில வாரங்கள் வாஷிங்டனின் துணை அலுவலராக இருந்தவர். 1780-இல் ஓவியம் கற்க லண்டன் சென்றபோது துரோகக் குற்றச்சாட்டில் கைதாகி, வெஸ்ட் அரசரிடம் பரிந்து பேசியதும் துணைநிற்க, மாதக்கணக்கான சிறைவாசத்துக்குப் பின் விடுதலையானவர். மீண்டும் லண்டனுக்கு வந்து 1786-இல் பங்கர்ஸ் ஹில் போரையும் மான்ட்கோமரியின் மரணத்தையும் வரைந்து முடித்த அவருடைய திட்டம், விடுதலைப் போர் முழுவதையும் தொடராக வரைந்து, அவற்றின் அச்சோவியங்களை முன்பதிவுச் சந்தாவின் மூலம் விற்பதாகும். சந்தாதாரர் பாதி விலையை முன்னரே செலுத்துவர். அப்பணத்தில் தகடு செதுக்கப்படும். படி கைக்கு வரும்போது மீதி விலை. வாஷிங்டன் இத்திட்டத்துக்குச் சந்தா செலுத்தி ஆதரவளித்தார். ஆனால் தோல்வியின் வடு ஆறாத லண்டனில் அமெரிக்க வீரத்தைச் செதுக்கும் கலைஞர் கிடைப்பது அரிதாக இருந்தது. ஆகவே பங்கர்ஸ் ஹில் தகடு ஸ்டுட்கார்ட்டில் யோஹான் கோட்ஹார்ட் ஃபோன் முல்லரிடமும், மான்ட்கோமரித் தகடு கோபன்ஹேகனைச் சார்ந்த யோஹான் ஃபிரெடெரிக் கிளெமென்ஸிடமும் ஒப்படைக்கப்பட்டன. பிரெஞ்சுப் புரட்சிப் போர்கள் மூண்டு ஐரோப்பியச் சாலைகள் எல்லாம் படைகளால் அடைபட்டுக்கிடந்த 1797-இல், முடிந்த தகட்டை வாங்க ட்ரம்புல் தாமே ஸ்டுட்கார்ட்டுக்குப் பயணம் செய்தார். திரும்பும் வழியில் பாரிசில் பயண ஆவணம் கிடைக்காமல் தவித்தபோது, ஓவியர் ழாக் லூயி டாவிட் அவருக்காக உறுதிமொழி அளித்து உதவினார். இரு அச்சோவியங்களும் 1798-இல்தான் முழுமையாக வெளிவந்தன. அதற்குள் அமெரிக்க அரசியலே இரு அணிகளாகப் பிளந்து மக்களின் ஆர்வம் திசைமாறியிருந்தது. ட்ரம்புல் எதிர்பார்த்த வருவாய் வரவில்லை. அமெரிக்க வீரத்தைக் கொண்டாடும் படத்தைச் செதுக்கத் தக்க கை அமெரிக்காவில் அன்று இல்லை என்பதும், பகைநாட்டுத் தலைநகரில் வரைந்து பிறநாட்டார் செதுக்கிய தாள்களே புதிய குடியரசின் முதல் தலைவரது விருந்தறையை அடைந்தன என்பதும், அரசியல் விடுதலையும் கலை விடுதலையும் ஒரே நாளில் கைகூடுவதில்லை என்பதற்குப் போதிய சான்றுகள்.

பங்கர்ஸ் ஹில் படத்தின் நடுவில், வீழ்ந்து கிடக்கும் அமெரிக்கத் தளபதி ஜோசப் வாரனை ஈட்டிமுனையால் குத்த வரும் வீரனைத் தடுத்து நிறுத்துபவர் ஒரு பிரித்தானிய அதிகாரியான மேஜர் ஸ்மால். பகைவனின் கண்ணியத்தைப் படத்தின் மையத்தில் வைத்த ட்ரம்புல்லின் மனம் பெரிது. லண்டனில் விற்பனையாக வேண்டும் என்ற கணக்கும் அதில் கலந்திருக்கலாம்.

வெஸ்டின் ஓவியக்கூடத்துக்கும் தமிழகத்துக்கும் இடையே மெல்லிய தொடர்பொன்று உண்டு. பாஸ்டனில் பிறந்து அதே கூடத்தில் பயின்ற மாதர் பிரவுன், யார்க்டவுனில் 1781-இல் தோற்ற பிரித்தானியத் தளபதி கார்ன்வாலிஸ், 1792-இல் சீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் இரு மகன்களைப் பிணையாகப் பெற்றுக்கொள்ளும் காட்சியை ஓவியமாக்கினார். அது அச்சோவியமாகவும் லண்டனில் விற்றது. அச்சிறுவர்கள் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டு இங்கேயே வைக்கப்பட்டனர். கார்ன்வாலிஸின் சிலையும், அதன் பீடத்தில் இதே பிணைக் காட்சியைக் காட்டும் புடைப்புச் சிற்பமும் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் இன்றும் உள்ளன. அமெரிக்காவில் இழந்த புகழை மைசூரில் மீட்டவராக அவரைக் காட்டிய படங்களும், அவரைத் தோற்கடித்தவரின் வீட்டுக்குச் சென்ற படங்களும் ஒரே சந்தையின் சரக்குகள்.

பிரான்சிலிருந்து வந்த படங்களுள் தலையானது பதினாறாம் லூயி மன்னரின் முழு உருவ அச்சோவியமாகும். அந்துவான் பிரான்சுவா கல்லே வரைந்த முடிசூட்டு உடை ஓவியத்தைச் சார்ல் கிளெமான் பெர்விக் 1790-இல் செதுக்கி முடித்தார். பிரெஞ்சுத் தூதர் தெர்னான் அடுத்த ஆண்டின் இறுதியில் அதைப் பொன்முலாம் பூசிய சட்டத்தோடு வாஷிங்டனுக்கு அளித்தார். விடுதலைப் போரில் பணமும் கப்பலும் படையும் தந்து உதவிய மன்னர் என்ற நன்றி அமெரிக்கருக்கு இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டே, தகர்க்கப்பட்ட பாஸ்டீல் சிறையின் இரும்புத் திறவுகோலைப் பிரெஞ்சுத் தளபதி லஃபாயெத், எழுத்தாளர் தாமஸ் பெய்ன் வழியாக வாஷிங்டனுக்கு அனுப்பியிருந்தார். மன்னர் 1793 ஜனவரி 21-ஆம் நாள் வெட்டுப்பொறியில் தலையிழந்த பின்னும், வாஷிங்டன் இரண்டையுமே தம்மிடம் வைத்துக்கொண்டார். அரசனின் சிறைச் சாவியும் அவ்வரசனின் உருவமும் ஒரே இல்லத்தில் இருந்ததை முரண்பாடாகக் கொள்வதைவிட, உதவியவரை மறவாத நன்றியும் விடுதலையின்மீது கொண்ட பற்றும் ஒருவரிடமே குடியிருக்கக் கூடும் என்று கொள்வதே அவருடைய இயல்புக்குப் பொருந்தும்.

அமெரிக்காவிலேயே உருவாகிப் பெருவெற்றி கண்ட அச்சோவியம் எட்வர்ட் சாவேஜின் வாஷிங்டன் குடும்பம். சாவேஜ் 1789 முதல் 1796 வரை விட்டுவிட்டு வரைந்த பெரிய ஓவியம் இன்று வாஷிங்டன் நகரின் தேசியக் கலைக்கூடத்தில் உள்ளது. அதன் அச்சோவியம் 1798 மார்ச்சில் வெளிவந்தது. இது புள்ளிச் செதுக்கல் முறையில் ஆனது: கோடுகளுக்குப் பதில் நுண்புள்ளிகளை நெருக்கியும் விலக்கியும் இட்டு நிழலைக் கொணர்வது. தகட்டைச் செதுக்கிய பெருமையைச் சாவேஜ் தமதாக்கிக்கொண்டாலும், இங்கிலாந்திலிருந்து அப்போதுதான் வந்து அவரிடம் வேலைக்குச் சேர்ந்திருந்த டேவிட் எட்வினின் கை அதில் கணிசமாக உண்டு என்று ஆய்வாளர் கருதுகின்றனர். ஏறத்தாழ இருபது நாள் விளம்பரத்திலேயே 331 பேர் சந்தா செலுத்தியதாகவும், ஓராண்டில் 10,000 டாலராவது கிடைக்கும் என்றும் சாவேஜ் வாஷிங்டனுக்கு எழுதினார். வாஷிங்டனும் நான்கு படிகள் வாங்கினார்.

தாளின் இடப்புறம் வாஷிங்டன் அமர்ந்திருக்கிறார். அவர் அருகே உலக உருண்டையின்மேல் கைவைத்துப் பேரன். எதிரே அவர் மனைவி மார்த்தா அம்மையார், மேசையில் விரித்த புதிய தலைநகரின் வரைபடத்தை மடித்த விசிறியால் சுட்டுகிறார். பேத்தி நெல்லி வரைபடத்தைப் பிடித்திருக்கிறாள். பின்னால் பருத்த தூண்களும் திரைச்சீலையும், அவற்றுக்கு அப்பால் ஆறும் தெரிகின்றன. ஐரோப்பிய அரச குடும்ப ஓவியங்களின் அலங்காரம் அது. குடும்பத்தினர் நால்வரும் இவ்வாறு ஒருங்கே அமர்ந்து ஓவியருக்குக் காட்சி தந்ததும் இல்லை. வலக்கோடியில், நிழல் கவிந்த இடத்தில், சீருடை அணிந்த கருப்பினப் பணியாளர் ஒருவர் நிற்கிறார். மற்ற நால்வரின் முகத்திலும் புள்ளிகள் நுணுக்கமாக இழைந்து தனித்தன்மையைக் காட்ட, இவருடைய முகமோ அவசரத்தில் முடித்தது போலப் பொதுவாக விடப்பட்டுள்ளது. அவர் வில்லியம் லீ என்றும் கிறிஸ்டஃபர் ஷீல்ஸ் என்றும் ஊகங்கள் உண்டு. படத்தின் அடியில் அவர் பெயர் இல்லை. 1799-இல் மவுண்ட் வெர்னான் பண்ணைகளில் அடிமைப்படுத்தப்பட்டு வாழ்ந்தோர் 317 பேர். அவர்களுள் ஒருவர் ஆயிரக்கணக்கான அமெரிக்க வீடுகளின் சுவரில் பெயரின்றி நின்றார் என்பதை மறைத்துவிட்டு இந்த அச்சோவியத்தின் வெற்றியைப் பேசுவது நேர்மையாகாது.

வாஷிங்டன் 1799 டிசம்பர் 14-ஆம் நாள் காலமான பின், சட்டப்படி மதிப்பீடு செய்தோர் இல்லத்தை அறை அறையாகப் பார்த்து உடைமைப் பட்டியல் ஒன்றைத் தயாரித்தனர். எந்த அறையில் எந்தப் படம், எவ்வகைச் சட்டம், என்ன விலை என்று எழுதிய அப்பட்டியலே இன்றைய அருங்காட்சியகத்தின் மூலநூல். புதிய அறை எனப்பட்ட பெரிய விருந்துக் கூடத்தில் எண்ணெய் வண்ண இயற்கைக் காட்சிகளோடு ட்ரம்புல்லின் தளபதிகளும் இருந்ததை அதிலிருந்தே அறிகிறோம். மார்த்தா அம்மையார் 1802 மே மாதம் மறைந்ததும் பொருள்கள் உறவினருக்குப் பிரிக்கப்பட்டும் விற்கப்பட்டும் சிதறின. தென் கரோலினாவைச் சேர்ந்த ஆன் பமேலா கன்னிங்ஹாம் 1853-இல் தொடங்கிய மவுண்ட் வெர்னான் மகளிர் சங்கம், 2,00,000 டாலர் திரட்டி வாங்கிய இல்லத்தை 1860 பிப்ரவரி 22 அன்று பொறுப்பேற்றபோது, பாஸ்டீல் திறவுகோல், பிரெஞ்சுச் சிற்பி ஹூடோனின் சுடுமண் மார்பளவுச் சிலை, உலக உருண்டை போன்ற சிலவே எஞ்சியிருந்தன. வழித்தோன்றல்கள் வைத்திருந்த பொருள்கள் 1890, 1891 ஆண்டுகளின் பிலடெல்பியா ஏலங்களில் மீண்டும் வெளிவந்தன. அன்பளிப்பாகவும் விலைக்கும் சில தாள்கள் வீடு திரும்பின.

இவ்விடத்தில் அச்சோவியத்தின் இயல்பு அருங்காட்சியகத்துக்கு ஓர் உதவியையும் ஒரு பொறுப்பையும் சேர்த்தே தருகிறது. ஓவியம் தொலைந்தால் அதற்கு ஈடில்லை. உல்லெட்டின் தகட்டிலிருந்து எடுத்த தாள்களோ பல, ஒன்று தொலைந்தால் அதே தகட்டின் மற்றொரு படியைத் தேடி அதே இடத்தில் மாட்ட முடியும். அது பொய்யும் அன்று, ஏனெனில் 1799-இல் விருந்தினர் கண்டதும் அதே கோடுகளைத்தான். ஆயினும், வாஷிங்டனின் கைப்பட்ட தாள் எது, பின்னர் வாங்கிய துணைப்படி எது என்பதைப் பதிவேட்டில் பிரித்தே எழுத வேண்டும். முன்னதற்குக் குடும்ப வழியில் கைமாறிய ஆவணச் சான்றோ பழைய சட்டத்தின் சான்றோ தேவை. பின்னதற்கு, தகடு மழுங்குமுன் எடுத்த தொடக்ககாலப் படிதானா என்பதைக் கோடுகளின் கூர்மையைக் கொண்டும், தாளை ஒளிக்கு எதிரே பிடித்தால் தெரியும் நீர்க்குறியைக் கொண்டும் தீர்மானிக்க வேண்டும். பழைய தாள் ஒளியில் பழுப்பதால், இத்தகைய படைப்புகளுக்கு 50 லக்ஸ் அளவுக்கு மேல் வெளிச்சம் கூடாது என்பது அருங்காட்சியகங்கள் பொதுவாகக் கடைப்பிடிக்கும் வரம்பு. பெரிய சன்னல்கள் கொண்ட பழைய வீடுகளில் அதைக் காப்பது கடினமாதலால், இத்தகைய வரலாற்று இல்லங்கள் பலவற்றில் மூலத்தாளைப் பெட்டகத்தில் வைத்து, அதைப் பார்த்து உருவாக்கிய நேர்படியைச் சுவரில் மாட்டும் வழக்கம் ஏற்பட்டுள்ளது.